தட்டிப் போடப் பழக்கியது போதும்



அன்பின் பெற்றோரே, பழைய மாணவர்களே, ஊர் உறவுகளே,

வலய மட்ட மேசைப்பந்துப் போட்டி முடிந்து ஒரு கிழமை ஆகிறது. கடந்த மூன்று வருடங்களும் கிண்ணத்தோடு திரும்பிய எமது பாடசாலை இம்முறை வெறுங்கையோடு வந்தது. அன்று இஷாவுக்குப் பிறகு ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

"மூணு வருஷமா வந்த கப் இந்த வருஷம் மட்டும் ஏன் வரல்ல?"

"புள்ளைகளுக்கு அடிக்கப் பழக்கிக் கெடுத்துப் போட்டாங்க."

"சும்மா தட்டிப் போட்டிருந்தாலே வெண்டிருக்கும்."

"இவங்களுக்கு ஏலாதெண்டா வேற ஆளப் பாருங்க."

இந்தக் கடைசிக் கதை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கும் வருகிறதாம். வரட்டும். அங்கேயும் பதில் சொல்வோம். ஆனால் கூட்டத்துக்கு இருபது பேர் வருவார்கள். குழுமங்களில் இதையெல்லாம் வாசித்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஆகவே பின்னேரப் பயிற்சியை நடத்தும் ஆசிரியர்கள் மூவரும் கூடிப் பேசி இதை இங்கே எழுதுகிறோம். பதிவு நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கு அடிக்கப் பழக்கியது நாங்கள்தான். தெரிந்துதான் பழக்கினோம். அதனால் இந்த வருடம் கிண்ணம் கைவிட்டுப் போகலாம் என்பதும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அடுத்த வருடமும் அடிக்கத்தான் பழக்குவோம், இன்ஷா அல்லாஹ். ஏன் என்பதைச் சொல்கிறோம்.

மூன்று கிண்ணங்களும் எப்படி வந்தன?

உண்மையைச் சொன்னால், அவை நாங்கள் நன்றாகப் பழக்கியதால் வரவில்லை. வலய மட்டத்தில் எந்தப் பாடசாலைப் பிள்ளைக்கும் அடி சரியாகத் தெரியாது. இரண்டு பக்கமும் தட்டிப் போடும். யார் முதலில் பிழை விடுகிறாரோ அவர் தோற்பார். நாங்கள் செய்ததெல்லாம் எங்கள் பிள்ளை கடைசியாகப் பிழை விடும்படி பார்த்துக்கொண்டதுதான். மட்டையைக் கொஞ்சம் மேலே பார்க்கத் திறந்து பிடி, முழங்கையிலிருந்து மெதுவாகத் தள்ளு, பந்து மேசையில் விழட்டும், மிச்சத்தை எதிராளி பார்த்துக்கொள்வான். இதைப் பழக்க ஒரு தவணை போதும். எங்களுக்கும் கஷ்டமில்லை, பிள்ளைக்கும் கஷ்டமில்லை. கிண்ணம் வந்தது, பெனர் கட்டினோம், காலைக் கூட்டத்தில் கைதட்டினோம்.

பெனரில் எழுதாத கதை ஒன்று இருக்கிறது. அந்த மூன்று வருடங்களும் மாகாண மட்டத்தில் எங்கள் பிள்ளைகள் முதல் சுற்றைத் தாண்டவில்லை. தோற்றது குற்றமில்லை. தோற்ற விதம்தான் எங்களை உறுத்தியது.

போன வருடம் எங்களுடைய மிகச் சிறந்த மாணவன் மாகாணத்துக்குப் போனான். பெயர் வேண்டாம். வலயத்தில் ஒரு செட்டும் இழக்காதவன். அங்கே எதிரே நின்ற பிள்ளை அவனைவிடச் சின்னவன். பந்தைச் சுழற்றி அடித்தான். எங்கள் மகன் வழமைபோல் மட்டையைத் திறந்து வைத்துத் தள்ளினான். பந்து மட்டையில் பட்டதும் துள்ளி முகட்டைப் பார்த்துப் போனது. மெதுவாக இறங்கி வந்த பந்தை அந்தப் பிள்ளை ஓங்கி அடித்தான். அடுத்த பந்தும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். 11-2, 11-3, 11-1.

வேனில் திரும்பி வரும்போது அவன் அழவில்லை. பாதி வழியில் ஒன்று மட்டும் கேட்டான்: "சேர், அந்தப் புள்ளைக்கு அத பழக்கி இருக்காங்க. எங்களுக்கு ஏன் பழக்கல்ல?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் மட்டையைத் தொடவில்லை. சாதாரண தரப் பரீட்சை என்று காரணம் சொன்னான். அது காரணமில்லை என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கிண்ணங்கள் அதிபரின் அலுமாரியில் இருக்கின்றன. பிள்ளை எங்கே?

"தட்டிப் போடுறதுதான் பாதுகாப்பு" என்கிறீர்கள்.

யாருக்குப் பாதுகாப்பு? பழக்குகிற எங்களுக்குப் பாதுகாப்பு. முடிவைக் கேட்டு வீட்டில் இருக்கும் உங்களுக்குப் பாதுகாப்பு. பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை.

இந்த விளையாட்டின் சரித்திரத்தையே பாருங்கள். 1936இல் பிராக் நகரில் நடந்த உலகப் போட்டியில் போலந்தின் எர்லிக்கும் ருமேனியாவின் பனெத்தும் மோதினார்கள். இருவரும் பிழை விடமாட்டோம் என்று தட்டிக்கொண்டே நின்றார்கள். ஒரேயொரு புள்ளி முடிய இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனது. மேசைப்பந்தை நடத்தியவர்கள் அதைப் பார்த்து விழித்துக்கொண்டார்கள். வலையின் உயரத்தைக் குறைத்தார்கள், ஆட்டத்துக்கு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

இன்றும் சட்டப் புத்தகத்தில் அந்த விதி இருக்கிறது. ஒரு செட் 10 நிமிடம் ஆகியும் முடியாவிட்டால், இருவரும் சேர்ந்து 18 புள்ளிகளாவது எடுத்திருக்காவிட்டால், விரைவுபடுத்தும் முறை வரும். அதன்பிறகு சேவ் ஒவ்வொரு புள்ளிக்கும் மாறும். சேவ் போட்டவரின் பந்துகளை மற்றவர் 13 தடவை திருப்பி அனுப்பிவிட்டால் புள்ளி திருப்பியவருக்கே. அதாவது, சேவ் போட்டவரே, நீர் அடித்து வெல்லும், இல்லாவிட்டால் புள்ளியைக் கொடும் என்று சட்டமே சொல்கிறது. விளையாட்டின் சட்டம் அப்படிச் சொல்லும்போது நாங்கள் காத்திருக்கப் பழக்கிக்கொண்டிருந்தோம்.

"அடிச்சாப் பந்து வெளிய போகுது, வலையில விழுது. கண்ணால பார்த்தோமே" என்கிறீர்கள்.

பார்த்தது உண்மை. காரணத்தைச் சொல்கிறோம்.

மேசையின் நீளம் 2.74 மீற்றர். வலையின் உயரம் 15.25 சென்றிமீற்றர். பந்தின் நிறை 2.7 கிராம். தாழ்வாக வரும் பந்தை ஒரு பிள்ளை மட்டையை நேராக வைத்து ஓங்கி அறைந்தால் அது ஒன்றில் வலையில் விழும், அல்லது வலையைத் தாண்டி மேசைக்கும் அப்பால் போகும். இரண்டுக்கும் நடுவில் இடம் மிகக் கொஞ்சம். கெரம் போர்ட் மாதிரி குறிபார்த்து அடிக்கும் விளையாட்டு இல்லை இது.

அந்த இடத்தைப் பெரிதாக்குவது சுழல்தான். பந்தின் பின்பக்கத்தை மேல்நோக்கி உரசி அடித்தால் பந்து முன்பக்கமாகச் சுழலும். இதைத்தான் டொப் ஸ்பின் என்கிறோம். அப்படிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அமுக்கும். ஆகவே வலைக்கு மேலால் தாராளமாகப் போன பந்து வளைந்து மேசைக்குள்ளேயே இறங்கும். விழுந்த பிறகு முன்னால் பாயும். மட்டையைத் திறந்து வைத்திருப்பவனின் மட்டையில் பட்டால் மேலே கிளம்பும். எங்கள் மகனுக்கு மாகாணத்தில் நடந்தது இதுதான்.

ஆக, முறையாகப் பழகிய அடியில் கண்ணை மூடிக்கொண்டு வீசுகிற சூதாட்டம் எதுவுமில்லை. பந்து மேசைக்குள் விழுவதற்கு வழி செய்துகொண்டுதான் பிள்ளை அடிக்கிறது. பழகாத அடிதான் ஆபத்து. அதைப் பார்த்துவிட்டு அடியே வேண்டாம் என்பது, நீந்தத் தெரியாதவன் மூழ்கியதைப் பார்த்துவிட்டு ஊரில் ஒருவரும் நீந்தப் பழக வேண்டாம் என்பதைப் போன்றது. கடற்கரையில் குடியிருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எப்படிப் பழக்குகிறோம் என்பதையும் சொல்கிறோம். மண்டபத்துக்கு வந்து பாருங்கள், அல்லது இங்கேயே வாசியுங்கள்.

மட்டையைப் பிடிப்பது முஸாபஹா செய்வதைப் போல. இறுக்கவும் வேண்டாம், நழுவவும் வேண்டாம். கால்கள் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விரிந்திருக்கும். வலக்கைக்காரருக்கு வலது கால் சற்றுப் பின்னால். முழங்கால் மடிந்திருக்கும், குதிகாலில் பாரம் இருக்காது. பந்து வரும்போது கையைப் பின்னால் இழுப்பதில்லை. இடுப்பைத் திருப்பினால் கை தானாகப் பின்னால் போகும். மட்டையின் முகம் கொஞ்சம் கீழே பார்க்கும். பந்து மேசையில் விழுந்து எழும்பி உச்சிக்கு வரும் நேரத்தில், உடம்புக்கு முன்னால் வைத்து, இடுப்பைத் திருப்பிக்கொண்டு முன்னும் மேலுமாக உரச வேண்டும். அடித்து முடிந்ததும் மட்டை நெற்றிக்கு நேரே நிற்கும். சின்னப் பிள்ளைகளிடம் "பந்துக்கு ஒரு சல்யூட்" என்போம். உடனே பிடித்துக்கொள்வார்கள். பிறகு மட்டை மறுபடி நெஞ்சுக்கு முன்னால். அடுத்த பந்து வந்துகொண்டிருக்கிறது.

முதல் இரண்டு கிழமை பந்தே இல்லை. வரிசையில் நின்று வெறுமனே வீசுவார்கள், நாளைக்கு ஐம்பது தடவை. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வாப்பா "என்ன சேர், புள்ளைகள் இலையான் விரட்டுதுகள்" என்று கேட்டார். நாங்களும் சிரித்தோம். மூன்றாம் கிழமை ஒரு வாளி நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு நாங்கள் ஒன்றொன்றாகப் போட, பிள்ளை அடிக்கும். எண்ணுவது ஒன்றே ஒன்றுதான்: பத்தில் எத்தனை மேசையில் விழுந்தது. பத்தில் மூன்று விழுந்த பிள்ளைக்கு இரண்டாம் தவணையில் பத்தில் ஏழு விழும். அதன்பிறகு எதிர்ப்பக்க மூலையில் ஒரு கொப்பித் தாளை வைத்து அதில் விழுத்தச் சொல்வோம்.

எங்களுக்குள் நடக்கும் ஆட்டங்களில் ஒரு தனிச் சட்டமும் வைத்திருக்கிறோம். தட்டிப் பெற்ற புள்ளிக்கு ஒன்று. அடித்துப் பெற்ற புள்ளிக்கு இரண்டு. சரியான பந்தைத் தேர்ந்து, சரியான முறையில் அடித்து, அது வெளியே போனால் யாரும் ஏசக்கூடாது, நாங்கள் உட்பட. பிழையான முறையில் அடித்து உள்ளே விழுந்தால் கைதட்டக்கூடாது, அதிலும் நாங்கள் உட்பட.

"முதல்ல தட்டப் பழகட்டும், அடியப் பிறகு பார்ப்போம்" என்று சொல்பவர்களுக்கு.

நல்லெண்ணத்தோடு சொல்கிறீர்கள், தெரியும். நாங்களும் மூன்று வருடம் இதையேதான் சொன்னோம். ஆனால் அந்தப் "பிறகு" வரவே இல்லை. தட்டிக்கொண்டே நின்ற பிள்ளையின் உடம்பு அதற்கே பழகிவிடுகிறது. கால்கள் நேராக நிற்கும், முழங்கால் மடியாது, மட்டை திறந்தே இருக்கும், முழங்கை மட்டும் அசையும். அடிப்பதற்கு இந்த நான்கையும் மாற்ற வேண்டும். ஒன்பது வயதில் புதிதாகப் பழகுவது இலகு. பதினைந்து வயதில் பழகியதை மறந்துவிட்டு மறுபடி பழகுவது எவ்வளவு கஷ்டம் என்பதை எழுத்து விடயத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பென்சிலைப் பிழையாகப் பிடித்துப் பழகிய பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் திருத்திப் பாருங்கள்.

அதைவிடக் கஷ்டம் மனசை மாற்றுவது. பிழை விட்டால் ஏச்சு விழும் என்று பழகிய பிள்ளைக்குக் கை எழும்பாது. பந்து உயரமாக, இலகுவாக, "வா, அடி" என்று வந்து நிற்கும். பிள்ளை தள்ளிவிடும். அந்தக் கணத்தை நாங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அடிக்கத் தெரியாமல் தள்ளியதில்லை அது. பயத்தில் தள்ளியது. அந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை. நாங்கள் ஊட்டினோம், நீங்கள் ஊட்டினீர்கள்.

வகுப்பறையிலும் இதே பிள்ளையைத்தான் பார்க்கிறோம். விடை தெரிந்திருக்கும், கை உயராது. "பிழைச்சிட்டா?" மாதிரி வினாத்தாள் இருபதைச் செய்து முடித்திருக்கும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனையைக் கீழே வைத்துவிடும். மேசைப்பந்து மேசையில் நடப்பது அந்த மண்டபத்தோடு முடிகிற விடயம் என்று நினைக்காதீர்கள்.

தட்டுவதே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை.

தட்டவும் தெரிய வேண்டும். எந்தப் பந்தை அடிப்பது, எதைத் தட்டுவது என்று தெரிவு செய்யவும் தெரிய வேண்டும். தடுத்து விளையாடுவதையே ஒரு கலையாக வளர்த்தவர்கள் உலகில் இருக்கிறார்கள். தென்கொரியாவின் ஜூ சே ஹ்யூக் மேசையிலிருந்து தூரம் போய் நின்று, வருகிற அடிகளையெல்லாம் வெட்டித் திருப்பியே 2003இல் உலகப் போட்டியின் இறுதியாட்டம் வரை போனவர். ஆனால் அவருடைய ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள். பத்துப் பந்தைத் திருப்பிவிட்டு, பதினோராவது கொஞ்சம் உயர்ந்து வந்தால் பாய்ந்து அடிப்பார். அடிக்கத் தெரிந்தவன் தடுத்தால் எதிராளிக்கு அடுத்தது என்னவென்று தெரியாது. அடிக்கவே தெரியாதவன் தடுத்தால் எதிராளிக்கு எந்த யோசனையும் இல்லை.

எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். இம்முறை எங்கள் பிள்ளைகள் வலைக்குள் அடித்த பந்துகளில் பெரும்பாலானவை எதிராளி தட்டிப் போட்ட பந்துகள். தட்டிப் போட்ட பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு வரும். மட்டையில் பட்டதும் கீழே இறங்கும். அதை வழமையான அடியால் அடித்தால் வலைதான். முழங்காலை இன்னும் மடித்து, மட்டையைக் கொஞ்சம் திறந்து, கூடுதலாக மேல்நோக்கி உரசித் தூக்க வேண்டும். இதை நாங்கள் போதுமான அளவு பழக்கவில்லை. ஏனென்றால் வாளியிலிருந்து நாங்கள் போட்ட பந்துகளில் அந்தச் சுழல் இருக்கவில்லை. இது பிள்ளைகளின் பிழையில்லை, எங்களுடையது. அடுத்த தவணை முழுக்க இதுதான் வேலை. இந்த விமர்சனத்தை யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால் கைகொடுத்து நன்றி சொல்லியிருப்போம். "அடிக்கப் பழக்கியதே பிழை" என்பதைத்தான் ஏற்க முடியாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக.

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்த அடி? அழகாத் தட்டி விளையாடினா போதாதா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நாற்பது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

பெண் பிள்ளைகளின் பயிற்சி தனி நேரத்தில், மூடிய மண்டபத்தில், டீச்சரின் பொறுப்பில் நடக்கிறது. முழு உடை, தலையில் ஸ்கார்ஃப். பந்துக்குக் காற்று ஆகாது என்பதால் ஜன்னல்களையும் பூட்டி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் விளையாடுகிறார்கள், வியர்த்துக் கொட்டக் கொட்ட. இதைவிடப் பேணுதலான விளையாட்டு ஒன்றை யாராவது காட்டுங்கள். ஈரானின் நெதா ஷாஹ்சவாரி தலையை மூடிய உடையோடுதான் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் மேசைப்பந்து விளையாடினார். தலையை மூடியது கையைக் கட்டவில்லை.

ஆகவே மார்க்கத்தை இதற்குள் இழுக்க வேண்டாம். உங்களுக்குப் பிரச்சினை உடையிலோ இடத்திலோ இல்லை. ஒரு பெண் பிள்ளை உறுதியாகக் கால் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, ஓங்கி அடித்துப் புள்ளி எடுப்பதுதான் உங்கள் கண்ணை உறுத்துகிறது. அதை நீங்கள்தான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

"எங்கட புள்ளைக்கு உயரம் பத்தாது, பெலன் பத்தாது" என்று சொல்லும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எகிப்தின் இப்றாஹீம் ஹமத்தூவுக்கு இரண்டு கைகளும் இல்லை. பத்து வயதில் ரயில் விபத்தில் இழந்தவர். மட்டையை வாயில் கவ்விக்கொண்டு, பந்தைக் கால் விரல்களால் தூக்கி எறிந்து சேவ் போட்டு, 2016இல் ரியோ பராலிம்பிக்கிலும் பின்னர் டோக்கியோவிலும் விளையாடினார். யூடியூபில் இருக்கிறது. இன்றிரவு பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பிறகு சொல்லுங்கள், எது பத்தாது என்று.

கடைசியாக, அந்தக் கடைசி செட்.

குழுமங்களில் அதிகம் அடிபட்டது ஏழாம் வகுப்பு மகள் ஒருவர் தோற்ற ஆட்டம். கடைசி செட், 9-9. எதிரே நின்றவர் உயரமாக ஒரு பந்து போட்டார். எங்கள் மகள் கால் மாற்றி, இடுப்பைத் திருப்பி அடித்தார். ஒரு விரல் அகலத்தில் வெளியே. 9-10. மண்டபத்துக்குள் எங்கள் ஊர்க்காரர்களே கத்தினார்கள்: "தட்டு! தட்டு!" அடுத்த பந்தும் அடிக்க வேண்டிய பந்துதான். அதையும் அடித்தார். வலை. ஆட்டம் முடிந்தது.

அந்த இரண்டு அடிகளைத்தான் நீங்கள் ஒரு கிழமையாகப் பேசுகிறீர்கள். நாங்கள் சொல்கிறோம், எங்கள் பாடசாலைக்கு மூன்று வருடத்தில் கிடைத்த மிகச் சிறந்த இரண்டு பந்துகள் அவை. மூன்று வருடமும் தட்டித் தட்டி வென்ற எந்தப் பிள்ளைக்கும் 9-9இல் கை எழும்பியிருக்காது. இந்தப் பிள்ளைக்கு எழும்பியது. ஊரே கத்தியபிறகும் எழும்பியது. ஒரு விரல் அகலத்தை நாங்கள் பழக்கிக்கொள்வோம். அந்தத் துணிவைப் பழக்க எங்களால் ஏலாது. அதைக் கெடுக்காமல் இருக்க மட்டும்தான் உங்களாலும் எங்களாலும் ஏலும்.

மறுநாள் பின்னேரம் அவர்தான் முதல் ஆளாக மண்டபத்துக்கு வந்தார். வந்து கேட்டது: "டீச்சர், ரெண்டாவது பந்து ஏன் வலையில விழுந்த?" ஒருவர் "எனக்கு ஏன் பழக்கவில்லை" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒருவர் "ஏன் விழுந்தது" என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எங்களுக்கு இரண்டாவது கேள்வி போதும், அல்ஹம்துலில்லாஹ்.

உங்களிடம் கேட்பது நான்குதான்.

ஒன்று: இரண்டு வருடம் கிண்ணத்தை எண்ண வேண்டாம். எண்ணத்தான் வேண்டுமென்றால் மண்டபத்துக்கு வந்து, பத்துப் பந்தில் எத்தனை மேசையில் விழுகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கணக்கும் கொப்பியில் இருக்கிறது, காட்டுகிறோம்.

இரண்டு: போட்டிக்கு வந்தால் சந்தோஷம். ஆனால் "தட்டு, தட்டு" என்று கத்துவதாக இருந்தால் தயவுசெய்து வீட்டிலேயே இருந்து துஆச் செய்யுங்கள்.

மூன்று: பழைய மாணவர்களே, பெனருக்கும் மாலைக்கும் செலவழிக்கும் காசில் பயிற்சிப் பந்துகள் வாங்கித் தாருங்கள். வாளியில் இப்போது முப்பது பந்துதான் இருக்கிறது, அதிலும் சில வெடித்தவை. மட்டைகளில் பாதிக்கு றப்பர் தேய்ந்து கண்ணாடியாகிவிட்டது. வழுக்கும் றப்பரால் பந்தை உரச முடியாது, உரசாமல் சுழல் வராது. கடையில் மட்டை வாங்குவோர், ஸ்பொஞ்சும் றப்பரும் உள்ளதா, விரலால் தடவினால் பிடிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் பலகையும் மெல்லிய றப்பரும் உள்ளதை வாங்கிக் கொடுத்துவிட்டு "புள்ளைக்கு அடி வருதில்ல" என்று சொல்லாதீர்கள்.

நான்கு: பிள்ளை தோற்று வந்தால் எத்தனைக்கு எத்தனை என்று முதலில் கேட்காதீர்கள். "எத்தனை பந்து அடிச்ச?" என்று கேளுங்கள்.

இவ்வளவும் வாசித்த பிறகும் எங்களை மாற்றத்தான் வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தால் சாவியைத் தந்துவிடுவோம். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. வருகிறவரிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: அடித்துப் பழகிய பிள்ளைகள் பதினாறு பேர் அங்கே நிற்கிறார்கள், அவர்களின் மட்டையை மறுபடி திறக்கச் சொல்ல வேண்டாம்.

அதுவரை பயிற்சி வழமைபோல் பாடசாலை விட்ட பிறகு நடக்கும். அஸருக்கு முன் முடியும். குர்ஆன் மத்ரஸா நேரத்துக்குப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மண்டபக் கதவு திறந்தே இருக்கும், பெண் பிள்ளைகளின் நாட்களைத் தவிர. அந்த நாட்களில் தாய்மார் வரலாம்.

வந்து பாருங்கள். பார்த்துவிட்டு ஏசுங்கள்.

வஸ்ஸலாம்.